நாலாம் நம்பர் மெஷின்

என் அக்காவின் சலவைக்கூடத்துச் சுவரை நான் நாக்கால் தொட்டுப் பார்த்தது உண்மைதான். அதற்கு அப்புறம் ஆளாளுக்குக் கண், காது, மூக்கு வைத்துப் பேசினார்கள். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நகரம் கடலைவிட ஆறு மீட்டர் தாழ்வில் இருக்கிறது. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நாற்பது கிலோமீட்டர் நீளம், ஐந்து மாடி உயரம். அது கட்டிய சுவரல்ல, வளர்த்த சுவர். விரிசல் விட்டால் தானே மூடிக்கொள்ளும் உயிர்ச் சிமெண்ட். அதற்குள் லட்சக்கணக்கில் மெல்லிய இழைகள் ஓடுகின்றன. நரம்பு என்றுதான் எல்லோரும் சொல்வோம். எங்கே ஈரம், எங்கே சூடு, எங்கே நடுக்கம் என்று அந்த நரம்புகள் நொடிக்கு நொடி சுவர்த் துறைக்குச் சொல்லும். துறையின் இயந்திரம் கூட்டிக் கழித்து மதிப்பெண் போடும். தினமும் காலை ஆறு மணிக்குத் தெருக்கம்பத்து ஒலிபெருக்கியில் சுவரே பேசும்: "நலம். நலமறிய ஆவல். இன்று என் உடல்நிலை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு."

கடிதம் எழுதுகிற மாதிரி சுவரைப் பேச வைத்தது யாரோ ஓர் அமைச்சரின் யோசனை. மக்களுக்கும் பிடித்துப்போயிற்று. பல் தேய்த்துக்கொண்டே "நாங்களும் நலம்தாம்பா" என்று பதில் சொல்கிறவர்கள் உண்டு. என் அக்கா அதில் ஒருத்தி.

அக்காவின் சலவைக்கூடம் சுவரடியில், கடைசித் தெருவில் இருந்தது. அதன் பின்சுவரே கடல் சுவர்தான். செவ்வாய்க்கிழமை காலை என் துணிகளை வாங்கப் போனபோது, சோப்புத் தூள் அலமாரிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரத் திட்டு கண்ணில் பட்டது.

"ஆவிடி," என்றாள் அக்கா, விரிப்பை மடித்துக்கொண்டே. "இருபது வருஷமா இங்க ஆவி அடிக்குது. சுவர் வேர்க்காம என்ன பண்ணும்?"

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். சந்தேகமாக இருந்ததால் நேராகவே நாக்கை வைத்தேன்.

"அக்கா, இது உப்பு."

"சோப்பா இருக்கும்."

"சோப்பு கசக்கும்க்கா. இது கரிக்குது. நாளன்னிக்கு வியாழக்கிழமை, வருஷத்துலயே கடல் அதிகமா ஏறுற நாள். சாயங்காலம் நாலு மணி. அதுக்கு முன்னாடி கடையைப் பூட்டிட்டு என் வீட்டுக்கு வந்துடு."

அவள் விரிப்பைக் கீழே வைத்தாள். "உன் பேச்சைக் கேட்டு ஒருதடவை ஓடினேன்ல? போதும்டி."

நான்கு வருடத்துக்கு முன் சுவரில் விரிசல் என்று முதல் பக்கத்தில் படத்தோடு செய்தி போட்டவள் நான்தான். சுவரடியில் இருந்த அத்தனை குடும்பமும் மூட்டை முடிச்சோடு ஓடின. மறுநாள் அமைச்சர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, அந்த விரிசல் வெயிலோடு சேர்ந்து நகர்வதைக் காட்டினார். அது மின்கம்பியின் நிழல். அன்று உடைந்த என் மூக்கு இன்னும் ஒட்டவில்லை. இன்றைக்கும் அலுவலகத்தில் எனக்குப் பெயர் 'நிழல் நிருபர்'. அக்காவுக்கு அந்த வாரம் மருத்துவமனை வாடிக்கை போயிற்று, திரும்ப வர ஆறு மாதம் ஆனது. அவள் என்னோடு பேச எட்டு மாதம் ஆனது.

சுவர்த் துறையைத் தொலைபேசியில் கேட்டேன். "தொண்ணூற்றெட்டு மேடம்," என்று வைத்துவிட்டார்கள்.

என் மேசை இழுப்பறையில் அறுபத்தோரு கடிதங்கள் இருந்தன. எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. என் செய்திகளில் பிழை பிடிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. பாலத்தின் நீளம் இத்தனை அல்ல, அத்தனை. கூட்டம் தொடங்கியது பத்து மணிக்கல்ல, பத்து பத்துக்கு. இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். விரிசல் செய்தி வந்த அன்று எழுதிய கடிதத்தில் ஒரே விஷயம்: "அது கம்பியின் நிழல். துறையின் கேமராவில் பார்த்தேன். அடுத்த முறை அச்சிடுவதற்கு முன் என்னிடம் வாருங்கள்." கீழே முகவரியும் தொழிலும். தொழில், பல்செட் செய்வது.

அவர் சொன்ன எதுவும் இதுவரை தப்பாக இருந்ததில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஆனாலும் போனேன்.

மிதிவண்டிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஒரே அறை. அலமாரி முழுக்க வரிசையாகச் சுண்ணாம்புத் தாடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். நடுநடுவே பழைய கணினிகள், அவற்றின் தலையில் ஆளுக்கொரு பல்செட். நான் உள்ளே நுழைந்தபோது ஏழெட்டு வாய்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன. அவர் மஞ்சள் மழைக்கோட்டும் நீச்சல்காரர்கள் போடும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு ஒரு கடைவாய்ப் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு வருஷம் லேட்டு," என்றார், தலையைத் தூக்காமல்.

விஷயத்தைச் சொன்னேன். உப்பு என்றதும் அரத்தைக் கீழே வைத்தார்.

"மொதல்லயே சொல்லிடறேன் நிருபரம்மா. நான் பூட்டை உடைக்கிறவன் இல்ல. திறந்திருக்கிற கதவு வழியா மட்டும்தான் போவேன். அது என் கொள்கை."

"எல்லாக் கதவும் பூட்டியிருந்தா?"

"கும்பிடு போட்டுட்டுத் திரும்பிடுவேன். ஆனா எந்த அரசாங்கம் எல்லாக் கதவையும் பூட்டியிருக்கு?"

ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்து, அதன் தலையிலிருந்த பல்செட்டை நேராக்கினார். "ஐயா, வணக்கம். கொஞ்சம் வெளியே போயிட்டு வரணும். வர்றீங்களா?" இயந்திரத்திடம்தான். அவர் எல்லா இயந்திரத்தையும் 'நீங்க' போட்டுத்தான் பேசுவார். சுவர்த் துறையின் முதல் கதவு பூட்டியிருந்தது. "மன்னிக்கணும், தொந்தரவு பண்ணிட்டேன்," என்று அதற்கும் மரியாதை சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று ஒவ்வொன்றிடமும் மன்னிப்பு. எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. நாளை மறுநாள் கடல் வருகிறது, இந்த மனிதர் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி குசலம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்!

பதினோராவது கதவு, நரம்பு பழுதுபார்ப்பவர்களுக்கான பக்கம். பெயர் என்ன என்று கேட்டது, 'நரம்பு' என்று அடித்தார். கடவுச்சொல் என்ன என்று கேட்டது, அதற்கும் 'நரம்பு' என்றே அடித்தார். திறந்துகொண்டது.

"இது பூட்டு இல்லையா?" என்றேன்.

"சாவி பூட்டுலயே தொங்குது. இது திறந்த கதவுதான்."

அக்காவின் கூடத்துக்குப் பின்னால் இருப்பது சுவரின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பகுதி. அதன் ஒரு வருடத்துக் கணக்கு திரையில் கொட்டியது. ஈரம் இல்லை. சூடு சரி. நடுக்கம் சரி. நாளுக்கு நாள், மணிக்கு மணி, எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. என் முகம் தொங்கிப்போயிற்று.

"அப்ப என் நாக்குதான் பொய் சொல்லுதா?"

"அவசரப்படாதீங்க." ஒரு பல்செட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "இது பாக்க எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

மேலும் கீழும் சேர்த்துக் கடிக்கவிட்டார். டக் என்று வர வேண்டிய சத்தம் ட்-டக் என்று வந்தது. "ஒரு பல்லு உயரம். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். எனக்கு எதையும் கேட்டுப் பாத்தாத்தான் நம்பிக்கை." சொல்லிக்கொண்டே நடுக்கக் கணக்கை எடுத்து ஒலியாக மாற்றினார். மழைக்கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன ஒலிபெருக்கி வந்தது. "போன வெள்ளிக்கிழமை. காலைல இருந்து ஓட்டுவோம்."

முதலில் ஒரு நீண்ட ம்ம்ம். கடல் சுவரில் சாய்ந்துகொள்ளும் சத்தம். அப்புறம் லாரிகள், காலடிகள், கதவு அடைப்பது. அவர் வேகமாக ஓட்டினார், நிறுத்தினார், மறுபடி ஓட்டினார். காலை பதினொன்று.

தொம். தொம்.

தட்... தட-தட். தட்... தட-தட்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"நிறுத்துங்க! மறுபடி போடுங்க!"

தொம். தொம். தட்... தட-தட்.

அந்தச் சத்தத்தை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். படிக்கிற காலத்தில் விடுமுறையெல்லாம் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் விரிப்பு மடித்தேன். அக்காவின் நாலாம் நம்பர் மெஷின். அறை மாதிரி பெரிய பழைய இரும்பு யானை, ஒரு கால் குட்டை, அதனால் நொண்டி நொண்டிச் சுற்றும். தினமும் பதினொரு மணிக்கு மருத்துவமனை விரிப்புகள் அதில்தான் போகும். போட்டதும் கிளம்பாது, மக்கர் பண்ணும். அக்கா இடது பக்கம் இரண்டு உதை விடுவாள். அப்புறம்தான் சுற்றும்.

"சார், இது எந்தத் தேதின்னு சொன்னீங்க?"

"போன வெள்ளிக்கிழமை."

"அந்த மெஷின் செத்துப் பதினோரு மாசம் ஆச்சு சார்! வாசல் வழியா வரலைன்னு முன்சுவரை இடிச்சு, கிரேன் வெச்சுத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. தெருவே நின்னு வேடிக்கை பாத்துச்சு!"

அவர் முதல் முறையாகக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைச் சுற்றி வட்டமாகச் சுண்ணாம்பில்லாத தோல். அடுத்த அரை மணி நேரம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் மட்டும் விரல்கள் பறக்க வேலை செய்தார். கடைசியில் விசில் அடித்தார்.

"ஒன்பது மாசத்துக்கு முன்னாடி உங்க அக்கா பக்கம் நரம்பெல்லாம் செத்துப்போச்சு. நரம்பு செத்த இடத்துல விரிசல் தானா மூடிக்காது. அதுக்கப்புறம் இங்க வர்றது எதுவும் இன்னிக்குச் சங்கதி இல்ல. பழைய பதிவு. தினமும் காலைல எவனோ உக்காந்து, பழைய நாள்ல இருந்து இன்னிக்குப் பொருத்தமான ஒரு நாளைத் தேடிப் போடறான். அழகான வேலை நிருபரம்மா! மழையைப் பொருத்தியிருக்கான், வெயிலைப் பொருத்தியிருக்கான், கடலேத்தத்தை அங்குலம் பிசகாம பொருத்தியிருக்கான். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு அம்மா துணி துவைக்கிறாங்கன்னு மட்டும் தெரியலை. அவன் சட்டை எங்கே வெளுக்குதுன்னு அவனுக்கே தெரியாது போல."

நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம். அலமாரியிலிருந்து மூன்று தாடைகள் விழுந்து நொறுங்கின, அவர் கவலைப்படவில்லை. அதே பக்கத்தில் ஒரு குறிப்பும் கிடைத்தது. 'பகுதி 212 முதல் 215 வரை நரம்புகள் பதிலளிக்கவில்லை. சுவரின் பொன்விழா முடிந்ததும் பழுது பார்க்கலாம். அதுவரை தொண்ணூற்றெட்டைத் தொடரவும்.' கீழே துறைச் செயலாளரின் கையெழுத்து.

படித்ததும் என் சிரிப்பு நின்றுபோயிற்று. பொன்விழாவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. கடலுக்கு இரண்டு நாள்தான்.

புதன்கிழமை எங்கள் பத்திரிகை ஆசிரியர் அந்தக் குறிப்பை மூன்று முறை படித்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நிழல் செய்திக்குப் பிறகு அவர் துறைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். சுவர் பற்றி எதை அச்சிடுவதானாலும் துறையின் பதிலோடுதான் அச்சிட வேண்டும். பதிலுக்கு ஏழு வேலை நாள் அவகாசம்.

"ஏழு நாள் கழிச்சு மீனுக்குத்தான் சார் படிச்சுக் காட்டணும்," என்றேன்.

"நான் நம்பறேன்மா. ஆனா இது ஒரு காகிதம், யாரு வேணும்னாலும் அடிக்கலாம். மேல உன் பேரைப் பாத்தா தெருவுல ஒருத்தன் நம்புவானா, சொல்லு."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அது உண்மை. "பக்கத்தைத் தயாரா வை," என்றார் பின்னாலிருந்து. "ஒரே ஒரு அதிகாரி ஆமான்னு சொல்லட்டும், அந்த நிமிஷம் போடறேன்."

அக்காவிடமும் போய்ச் சொன்னேன். நானூறு விரிப்பு பாக்கி, அவள் நின்றுகூடக் கேட்கவில்லை. "அன்னிக்குப் போட்டோ கொண்டாந்த, இன்னிக்குக் காகிதம். போடி." செத்த மெஷின் சத்தம் போடுகிறது என்றதும் தெருவில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் என் நிழலைக் காட்டி, "பாத்து, விரிசல் விழுந்திருக்கு," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மேலிருந்த கோபத்தில் அக்கா சாகப்போகிறாள். அந்தக் கோபத்துக்கு நான்தான் காரணம். நேராகப் பல்செட்காரரிடம் ஓடினேன்.

"அவங்க சத்தத்துகிட்ட வரமாட்டாங்கன்னா, சத்தம் அவங்ககிட்ட போகட்டும்," என்றார் பல்செட்காரர்.

"அபாயச் சங்கை ஊதிவிட முடியாதா சார்?"

"அது தெருமுனைப் பெட்டில, இரும்புப் பூட்டுக்குள்ள இருக்கு. சாவி பகுதி அதிகாரி இடுப்புல. பூட்டின கதவு." அவர் குரலில் வருத்தம் தெரிந்தது, கொள்கை மட்டும் அசையவில்லை. "ஆனா இதைப் பாருங்க. சுவர் திறந்த அன்னிக்கு, 'சுவரின் இதயத் துடிப்பு'ன்னு ஒண்ணு வெச்சாங்க. சுவர் நரம்புல வர்ற நடுக்கத்தை நேரடியா தெரு ஒலிபெருக்கில கேக்கலாம். மூணு நாள்ல ஜனங்க தூக்கம் வரலைன்னு சண்டை போட்டதும் நிறுத்திட்டாங்க. நிறுத்தினவன் கதவைச் சாத்தலை. அவங்க ஒலிபெருக்கி, அவங்க கணக்கு. நான் ஒண்ணும் சேக்கவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"நாளைக்குப் பதினோரு மணிக்குக் கேக்குமா?"

தாடையைச் சொறிந்தார். "அதுதான் தெரியலை. நாளைக்குப் பொருத்தமா எந்தப் பழைய நாளை எடுப்பானோ. ஞாயித்துக்கிழமைய எடுத்தா உங்க அக்காவுக்கு லீவு. மெஷின் போனதுக்கு அப்புறம் இருக்கிற ரெண்டு மாசத்துல இருந்து எடுத்தாலும் போச்சு."

வியாழக்கிழமை பத்து ஐம்பத்தைந்துக்கு நான் சலவைக்கூடத்து வாசலில் நின்றேன். அக்கா உள்ளே மிச்சமிருக்கும் ஐந்து மெஷின்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். கைப்பேசி வழியாக என் காதில் பல்செட்காரர். "அம்மா, கொஞ்சம் வழி விடுங்க," என்று யாரிடமோ கெஞ்சுவது கேட்டது.

கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது. "சுவரின் இதயத் துடிப்புக்கு உங்களை வரவேற்கிறோம். நீங்கள் கேட்பது நேரடி ஒலி," என்றது பழைய பெண் குரல். தொடர்ந்து, ம்ம்ம்.

ஜனங்கள் சன்னலைத் திறந்தார்கள். "என்ன கருமம் இது?" என்று வெளியே வந்தார்கள். பதினொன்று ஆயிற்று. ம்ம்ம். பதினொன்று மூன்று. ஒரு லாரி போனது, ஆனால் தெருவில் லாரி எதுவும் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. பதினொன்று ஐந்து. "ஞாயித்துக்கிழமையோ?" என்றார் காதில். பதினொன்று ஏழு. ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தொம். தொம்.

தட்... தட-தட். தட்... தட-தட்.

எதிர்வீட்டுப் பெண் இடுப்புக் குழந்தையோடு வெளியே வந்தாள். "நம்ம நாலாம் நம்பர்தானே அது?" என்றாள். "பெரியவன் இந்தச் சத்தத்துலதான் தூங்குவான். அது போனப்புறம் மூணு நாள் தூங்கலை."

அக்கா வாசலுக்கு வந்தாள். முகத்தில் குழப்பம். "என் மெஷின் ஓடுதுல்ல, அந்தச் சத்தம்," என்றாள். ஆனால் சொல்லும்போதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். ஐந்து மெஷினும் முனகி நின்றன. கூடத்தில் பொட்டுச் சத்தம் இல்லை.

வெளியே, தட்... தட-தட்.

அப்புறம் அது மக்கர் பண்ணி நின்றது. ஒரு நொடி. தொம், தொம். மறுபடி ஓடியது.

அக்கா குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். "அது என் காலுடி," என்றாள் மெதுவாக. "நான் உதைக்கிறேன். அது நான்."

அப்போது தெருமுனையில் ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. சுவர்த் துறையின் பகுதி அதிகாரி. முப்பது வயதுகூட இருக்காது, தொப்பி கோணலாக இருந்தது, இடுப்பில் சாவிக்கொத்து. "யாரு இதைப் போட்டது? எல்லாரும் உள்ள போங்க. ஒண்ணும் பயமில்லை."

"தம்பி, இது என்ன சத்தம்?" என்று கேட்டாள் அக்கா.

"சுவரோட நேரடி ஒலிம்மா. இப்ப, இந்த நிமிஷம், உங்க பின்சுவர்ல என்ன நடக்குதோ அதுதான் கேக்குது. அவ்ளோ நுட்பமான சுவர்." பெருமையாகத்தான் சொன்னான்.

அக்கா அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். மூன்றாம் மெஷினுக்கும் ஐந்தாம் மெஷினுக்கும் நடுவில் வெறும் தரை. நான்கு துருப்பிடித்த போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்த நிமிஷம் ஓடுதுன்னியே, எனக்குக் காட்டு."

அவன் போல்ட்டைப் பார்த்தான். வெளியிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டான். மறுபடி போல்ட்டைப் பார்த்தான். "நான் திரையில வர்ற எண்ணை மட்டும்தான்மா பாக்குறேன்," என்றான். அவனுக்கும் தெரியாது. அவன் காதிலும்தான் பூ சுற்றியிருக்கிறார்கள்.

அக்கா அலமாரியை நகர்த்தினாள். செவ்வாய்க்கிழமை உள்ளங்கை அகலம் இருந்த திட்டு இப்போது கதவு அகலம் இருந்தது. "நக்கிப் பாரு."

"அம்மா..."

"நக்குடா!"

நக்கினான். அவன் முகம் மாறியதை நான் என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"உன் சாவியால அந்தச் சங்குப் பெட்டி திறக்கும்ல?" என்றேன் நான்.

"மேலதிகாரி உத்தரவு இல்லாம திறந்தா வேலை போயிடும்." சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்தான். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். "சார், இருநூத்திப் பன்னெண்டுல வர்றது நேரடி கணக்குதானே சார்?" நீண்ட மௌனம். எங்கள் எல்லோருக்கும் அந்த மௌனம் கேட்டது. "சங்கைத் தொடாதே," என்றது கைப்பேசி. "உடனே ஆபீசுக்கு வா."

அவன் கைப்பேசியைப் பையில் போட்டான். ஓடினான். சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாவது முறை திருகினான்.

சங்கு ஊதியது. "சார், திறந்துட்டான்!" என்று காதில் கத்தினேன். "கேக்குது, கேக்குது!" என்று அவரும் கத்தினார், பின்னணியில் தாடைகள் உடையும் சத்தம். ஆசிரியரைக் கூப்பிட்டு அதிகாரியின் வாயால் ஒரு வாக்கியம் சொல்ல வைத்தேன். பதினொன்று நாற்பதுக்குச் செய்தி எல்லாக் கைப்பேசியிலும் வந்தது, 'தொண்ணூற்றெட்டு பொய்' என்ற தலைப்போடு. கீழே என் பெயர். செயலாளரின் குறிப்பை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தார் ஆசிரியர். பயந்த மனிதர் ஒருமுறை துணிந்துவிட்டால் அளவே கிடையாது.

நான்கு தெரு, ஆயிரத்து நூறு பேர். வண்டி, தள்ளுவண்டி, தோள் என்று எது கிடைத்ததோ அதில் ஏறினார்கள். நேற்று என் நிழலைக் கிண்டல் பண்ணியவர் தன் படுக்கையாய்க் கிடந்த மாமியாரை அக்காவின் துணிவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார், நான் வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்தேன். இரண்டு மணிக்கு அதிகாரி தெருவெள்ளக் கதவுகளை இறக்கினான், தண்ணீர் அந்த நான்கு தெருவைத் தாண்டாதபடி. இரண்டேகாலுக்குத் துறை அறிவித்தது: சுவர் நலம், மதிப்பெண் தொண்ணூற்றெட்டு.

நான்கு மணிக்கு மேட்டுப் பள்ளியின் மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம். முதலில் சலவைக்கூடத்தின் கூரை தூக்கிக்கொண்டது. அப்புறம் சுவரில் ஒரு துண்டு, ஆள் உயரம்கூட இருக்காது, மெதுவாகக் கழன்று விழுந்தது. அதன் பின்னால் கடல் வந்தது. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போயிற்று. இருபது வருட உழைப்பு அரை மணியில் போனதைப் பார்த்தாள். கத்தவில்லை. "எல்லாரும் வந்தாச்சா?" என்று மட்டும் கேட்டாள். அதிகாரி பெயர்ப் பட்டியலை மூன்றாவது முறை சரிபார்த்துவிட்டு, "எல்லாரும் வந்தாச்சும்மா," என்றான்.

"ஒருதடவை தப்பா சொன்னேன்கா," என்றேன்.

"ஒருதடவைதானே," என்றாள்.

மறுநாள் விடியற்காலை பல்செட்காரர் பள்ளிக்கே வந்துவிட்டார், மழைக்கோட்டும் கண்ணாடியுமாக. என் கையில் ஒரு கடிதத்தைத் திணித்தார். அறுபத்திரண்டாவது. 'சுவர் உடைந்தது நான்கு இருபதுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு பதினேழு.' அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். மழைக்கோட்டிலிருந்து சுண்ணாம்பு பறந்தது.

மணி ஆறு ஆயிற்று.

கீழே, தண்ணீருக்கு மேல் தலைமட்டும் நீட்டிக்கொண்டிருந்த கம்பங்களில் ஒலிபெருக்கிகள் கரகரத்தன. அவற்றை நிறுத்த எல்லோரும் மறந்திருந்தார்கள். வெள்ளத்துக்கு மேலாக, அதே கனிவான குரல் மிதந்து வந்தது: "நலம். நலமறிய ஆவல். இன்று என் உடல்நிலை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு."

மாடியில் ஆயிரத்து நூறு பேரும் கேட்டோம். அக்கா எழுந்து கைப்பிடிச் சுவருக்குப் போனாள். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

"நாங்க நலம்டா, நாசமாப் போறவனே!"